ஒன்பதரை நிமிஷத்து மக்னீசியம்

பத்து நிமிஷம் ஆற விட வேண்டும், அதுதான் முறை, இருபத்திரண்டு வருஷமாக இந்த லேபில் நான் சொல்லிக்கொண்டிருக்கிற முறை. பீப்பாயிலிருந்து அலுமினிய வில்லையைத் தூக்கியதும் ஓடிப்போய் எண்ண ஆரம்பிக்காதீர்கள், அடுப்பிலிருந்து இறக்கின சோற்றை அப்படியே வாயில் போடுவீர்களா என்று கேட்பேன், பிள்ளைகள் சிரிக்கும், வருஷா வருஷம் அதே இடத்தில் அதே சிரிப்பு. இப்போது சிரிக்க யாரும் இல்லை. மணி இரண்டு இருபது. தேர்வெல்லாம் முடிந்து விடுதி காலி, பாளையங்கோட்டை வெயில் ஜன்னல் கம்பியைத் தொட முடியாமல் காய்ச்சி வைத்திருக்கிறது, மின்விசிறி சுற்றுகிறது என்பதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு மணியிலிருந்து இந்த வில்லை பீப்பாய்க்குள் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. பீப்பாய் நிறைய மெழுகு, நடுவே விரல் அளவில் நியூட்ரான் மூலம். நியூட்ரான் போய் மோத, அலுமினியத்தில் எத்தனையோ கோடியில் ஒன்றிரண்டு அணு மக்னீசியமாக மாறிவிடும். கடையில் கிடைக்கிற மக்னீசியம் இல்லை, கொஞ்சம் கனம் கூடியது, நிலைக்கத் தெரியாதது. ஒன்பதரை நிமிஷத்தில் பாதி போய்விடும், அடுத்த ஒன்பதரையில் மிச்சத்தில் பாதி. எங்கே போகும் என்று முதல் நாள் கேட்பேன், ஒருத்திக்கும் தெரியாது. மறுபடி அலுமினியமாகவே ஆகிவிடும். எதுவாக இருந்ததோ அதுவாகவே. ஒரு எலக்ட்ரானை வெளியே தள்ளிவிட்டு, நடந்ததற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று உட்கார்ந்துவிடும். இந்த ஒரு இடத்துக்காகத்தான் இந்தச் சோதனை எனக்குப் பிடித்தது, ஒரு காலத்தில். இப்போது எனக்குப் பிடித்தது உட்காருவது மட்டும்தான். நாலு மணிக்கு மாடியில் விசாரணைக் குழு. எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் முப்பிடாதி செய்முறைத் தேர்வில் ரீடிங்கை எண்ணிப் பார்க்காமல் கற்பனையாக எழுதினாள் என்று புகார், எழுதிக் கொடுத்தது நான், எமிமாள் ஆசீர், இணைப் பேராசிரியர். புகார் நின்றால் அவளுடைய ஒரு வருஷத் தேர்வு ரத்து. வடக்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஜூலைக்குள் மார்க் ஷீட் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ. சரியான ரீடிங் எப்படி இருக்கும் என்று ஒரு தாள் இணைத்துக் கொடுங்கள் என்று தேர்வுக் கன்ட்ரோலர் நேற்றுச் சொன்னார். அலமாரி நிறைய பழைய ரெக்கார்டு நோட்டுகள் இருக்கின்றன, எதைத் திறந்து காப்பி அடித்தாலும் ஐந்து நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் சாப்பாட்டையும் விட்டுவிட்டு இந்த முதுகு சாய்க்க இடமில்லாத ஸ்டூலில் வந்து உட்கார்ந்திருக்கிறேன், ஏன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு முப்பது. ஆரம்பிக்கலாம். வில்லையிலிருந்து வரும் கதிரைக் கவுண்டர் ஐம்பது வினாடி எண்ணும், பத்து வினாடி எனக்கு, எழுத, பூஜ்யமாக்க, மறுபடி பொத்தானை அமுக்க. இப்படி அறுபது தடவை. கடுகு வெடிக்கிற மாதிரி சத்தம், முதலில் படபடவென்று, போகப் போக அடங்க வேண்டும். முதல் நிமிஷம் 363. இரண்டாவது 341. எதுவும் வைக்காமல் சும்மா ஓட விட்டாலே காற்றிலிருந்தும் சுவரிலிருந்தும் 24 விழும், காலையிலேயே பார்த்து எழுதி வைத்துவிட்டேன், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது 326. காலில் நரம்பு சுருண்டு கிடக்கிறது, நிற்காதீர்கள் என்று டாக்டர் சொல்கிறார், முப்பது வருஷம் நின்றபிறகு சொல்கிறார். நாலாவது 309. டிபன் பாக்ஸில் தயிர்சாதம் இந்நேரம் புளித்திருக்கும். சாயங்காலம் போனதும் வீட்டுக்காரர் ஆசீர் இன்னைக்கு என்ன என்று கேட்பார், பதில் வருவதற்குள் டி.வி. பக்கம் திரும்பிவிடுவார், கெட்ட மனுஷன் இல்லை, கேட்பதோடு அவர் வேலை முடிந்தது. நான் அவரிடம் இந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும் என்றிருப்பார், அதைக் கேட்கப் பயந்துதான் சொல்லவில்லை. ஏழாவது 260. அன்றைக்கு ஏப்ரல் ஒன்பது. முதல் பிரிவில் பன்னிரண்டு பிள்ளைகள், சீட்டு எடுத்ததில் இந்தச் சோதனை முப்பிடாதிக்கு விழுந்தது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்திருந்த வெளித் தேர்வாளருக்கு நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், எனக்கு எதைப் பிடிக்கவும் இல்லை, வீட்டுக்குப் போய்க் காலைத் தூக்கி வைத்தால் போதும் என்றிருந்தது. எல்லோரும் தாளைக் கொடுத்துவிட்டார்கள், இவள் மட்டும் கவுண்டர் முன்னால் குனிந்தபடி. கடைசியில் கொண்டுவந்து நீட்டினாள். முதல் இருபது வரி பரவாயில்லை. கடைசிப் பத்து வரியைப் பார்த்தால் 82, 79, 81, 78, 80, வரிசையாக அப்படியே நிற்கிறது, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து மனம்போனபடி எழுதினவள் எண்கள் மாதிரி. அரை ஆயுள், அதாவது பாதியாகிற நேரம், பதினாலு நிமிஷம் என்று விடை, அதற்கு அடியில் அழுத்தமாக இரண்டு கோடு வேறு. வெளித் தேர்வாளர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். உங்க காலேஜ்ல மக்னீசியத்துக்குக்கூட ஆயுசு கெட்டி போல மேடம் என்றார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஒன்பதாவது 236, எழுதியாகிவிட்டது, பத்தாவது ஓடுகிறது.

பத்தாவது 224. முதல் ரீடிங்கில் 24 கழித்தால் 339. ஒன்பதரை நிமிஷத்தில் அது பாதியாக, 170 பக்கம் வந்திருக்க வேண்டும். இப்போது கழித்தால் 200. கொஞ்சம் கூடுதல். இருக்கட்டும், எண்ணிக்கை என்றால் ஏற்ற இறக்கம் இருக்கும், இதுவே பதற வேண்டிய விஷயம் இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்வேன். பதினோராவது 217. அவளைப் பக்கத்தில் கூப்பிட்டேன். தூங்கிட்டியா, வெளிய போயிட்டியா, என்ன செஞ்சே என்று கேட்டேன். இல்ல மிஸ், எறங்க மாட்டேங்கு என்றாள். இருபத்திரண்டு வருஷமா எல்லாருக்கும் எறங்குது, உனக்கு மட்டும் எறங்க மாட்டேங்கா என்றேன், அவள் பேசின மாதிரியே பேசிக் காட்டினேன், கோவில்பட்டிக்குக் கிழக்கே ஏதோ ஊர், அந்த இழுப்பையும் சேர்த்து இழுத்தேன். நின்ற பிள்ளைகள் சிரித்தன. அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை, அழுதிருந்தால் நான் விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். என் முகத்தை நேராகப் பார்த்து, "நீங்க ஒருதடவை எண்ணிப் பாருங்க மிஸ்" என்றாள். அவ்வளவுதான் சொன்னது. பதினாலாவது 188. அந்த ஒரு வரிதான் மூன்று வாரமாகத் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. திமிர் என்று அப்போது தோன்றியது. மரியாதைக் குறைவு என்று புகாரில் ஒரு வரி சேர்க்கப் போனேன், பிறகு வேண்டாம் என்று விட்டேன், அதைப் பெரிய தயவு என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி புரண்டு படுக்கும்போதுதான் அந்த வார்த்தையின் மறுபக்கம் தெரிந்தது: நான் எண்ணினதில்லை. இந்த ஸ்டூலில் அறுபது நிமிஷம் முழுசாக உட்கார்ந்து ஒருதடவை எண்ணினது எப்போது என்று யோசித்துப் பார்த்தால் நினைவு எங்கேயும் போய் நிற்கவில்லை. ஆரம்பித்துக் கொடுப்பேன், அடுத்த மேஜைக்குப் போவேன், கடைசியில் வந்து விடையைப் பார்ப்பேன். 9.4 என்றால் குட். 9.5 என்றால் வெரி குட். சிவப்பு மை. பதினேழாவது 167, கொஞ்சம் கூடத்தான், கூடத்தான் இருக்கிறது, நிற்காமல் இறங்கு, தயவுசெய்து இறங்கிவிடு, நான் ஒரு பிள்ளை வாயை அடைத்துவிட்டு வந்திருக்கிறேன். பத்தொன்பதாவது 154. மக்னீசிய அணுவுக்கு வயசு கிடையாது, அதையும் சொல்லிக்கொடுப்பேன். ஒரு மணி நேரம் தப்பிப் பிழைத்த அணுவும் இப்போதுதான் பிறந்த அணுவும் ஒன்றுதான், இரண்டுக்கும் அடுத்த ஒன்பதரை நிமிஷத்தில் அதே பாதிக்குப் பாதி. களைப்பு என்பதே அதற்கு இல்லை. எனக்கு இருக்கிறது. பணி ஓய்வுக்குப் பதினோரு மாசம் இருக்கிறது, அதற்குள் ஒரு பேச்சு வராமல் போய்விட வேண்டும் என்று இருக்கிறது. என் மகன் ஜெபினுக்கு எட்டு வயசில் ஜியாமெட்ரி பாக்ஸ் தொலைந்தது. நான் தொலைக்கல, வீட்டுக்குக் கொண்டுவந்தேன் என்று சாதித்தான். பொய் சொல்கிறாயா என்று காலில் அடித்தேன், ஸ்கேலால், தடிப்பு விழுகிற மாதிரி. நாலு நாள் கழித்து அது என் அலமாரியில், புடவைக்கு அடியில், நானே எடுத்து வைத்த இடத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கிடைத்துவிட்டது என்று சொல்லி அவனிடம் கொடுத்தேன். அவன் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான். இப்போது ஓசூரில் இருக்கிறான், முப்பது வயசு, ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவான், மழை உண்டா என்று கேட்பான். அடித்தது தப்பு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று நினைப்பேன், நினைத்து முடிப்பதற்குள் வைத்துவிடுவான். இப்போது போய்ச் சொன்னால் அவனுக்கு நினைவில் இருக்குமா என்றுகூடத் தெரியாது, இருக்கும், எனக்குத் தெரியும், இருக்கும்.

கவுண்டர் நின்றுவிட்டது. எத்தனையாவது இது. தாளைப் பார்த்தேன், இருபத்திநாலு, எழுதியும் இருக்கிறேன், 87. கவுண்டரைப் பார்த்தேன், 131. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன், 131தான். தாளில் என் கையெழுத்தில் 87. மேலே ஏறிப் போனால் 92, 97, 102, 108, அழகாக, ஒரே சீராக, படிக்கட்டு இறங்குகிற மாதிரி. அதற்கு மேலே பத்தொன்பதாவது, 154. நூற்றைம்பத்திநாலிலிருந்து ஒரே தாவலில் நூற்றியெட்டுக்கு எந்த மக்னீசியமும் இறங்காது. ஐந்து வரி. ஐந்து நிமிஷம் என் கண் கவுண்டரில் இல்லை, கை மட்டும் பொத்தானை அமுக்கி, பூஜ்யமாக்கி, எப்படி இருக்க வேண்டுமோ அப்படி எழுதிக்கொண்டே போயிருக்கிறது. நான் ஜெபினோடு இருந்தேன். யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, நினைத்திருந்தால்கூட ஒரு சமாதானம் இருக்கும். இருபத்தைந்தாவதுக்கான பத்து வினாடி ஓடிப்போய்விட்டது, பொத்தானை அமுக்கினேன், அமுக்கிவிட்டு, அது எண்ணுகிற நேரத்தில் அந்த ஐந்து வரியையும் குறுக்கே அடித்தேன். 126. எழுதினேன். நான் எம்.எஸ்ஸி. படித்த காலத்தில் இதற்குச் சமையல் என்று பேர். இன்னைக்கு என்ன சமையல் என்று ஹாஸ்டலில் கேட்டால் ரீடிங்கைத்தான் கேட்கிறோம் என்று அர்த்தம். விடை தெரியும், விடையிலிருந்து பின்னால் நடந்து வந்து ரீடிங்கை எழுதுவோம், சந்தேகம் வராமல் இருக்க அங்கே இங்கே ஒன்றிரண்டைக் கூட்டிக் குறைப்போம், உப்புப் போடுகிற மாதிரி. நானும் செய்தேன். நான் நன்றாகவே செய்தேன், முதல் மார்க். இதே கையால் அப்படி எழுதிப் பழகின நான், அந்தப் பிள்ளையின் தாளைப் பார்த்ததும் சமைத்திருக்கிறாள் என்று எப்படி நினைத்தேன், சமைக்கிறவள் 14 வரும்படியா சமைப்பாள், 9.5 வரும்படியல்லவா சமைப்பாள். இவ்வளவு சின்ன விஷயம். இருபத்தெட்டாவது 117. இது ஏன் அன்றைக்குத் தோன்றவில்லை. தோன்றியது. இப்போது யாரும் இல்லாத இடத்தில் சொல்வதற்கென்ன, ஒரு நொடி தோன்றியது, அதை நான் எழுந்து பார்க்கவில்லை, காது சூடாக இருந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு வரிப் புகார் எழுத எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

முப்பத்தி மூன்று, 101. முப்பத்தெட்டு, 94. இந்நேரம் ஐம்பதுக்குக் கீழே இருக்க வேண்டும். எறங்க மாட்டேங்கு. அவள் குரலில்தான் வருகிறது, நான் இழுத்துக் காட்டின குரலில் இல்லை. கவுண்டர் கெட்டுவிட்டதோ என்று ஒரு ஆசை வந்தது, காலையில் எடுத்த 24 சரியாகத்தான் இருந்தது, அந்த ஆசையும் போயிற்று. அப்படியானால் மக்னீசியத்தோடு இன்னொன்று உள்ளே இருக்கிறது, மெதுவாகப் போகிற ஒன்று. மாங்கனீஸ். அதுவும் நியூட்ரான் பட்டால் இப்படி ஆகும், பாதியாவதற்கு இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும், இந்த ஒரு மணி நேரத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும். சுத்தமான அலுமினிய வில்லையில் மாங்கனீஸ் எப்படி வரும். நாற்பதாவது 92. சுத்தமான வில்லை. அது கவுண்டரோடு வந்தது, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு பிள்ளை கை தவறிச் சாக்கடைத் துளையில் விழுந்துவிட்டது. அட்டெண்டர் பொன்னுத்துரை அண்ணாச்சி கம்பி விட்டு ஒருநாள் பூரா துழாவிப் பார்த்தார். மறுநாள் தேர்வு. வாசலில் வந்து நின்று, ஆஸ்டல் அடுக்களையில் ஒரு பழைய சட்டி மூடி கெடக்கு, அதுல ஒரு வட்டம் வெட்டிரட்டா என்று கேட்டார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தக்கூட இல்லை. "வெட்டுங்க அண்ணாச்சி, அலுமினியம்தான, எதுல இருந்தா என்ன" என்றேன். அளவு பிசகாமல் வெட்டி, ஓரமெல்லாம் அரம் வைத்துத் தேய்த்துக் கொடுத்தார், பழசைவிட நன்றாக இருக்கிறது என்று நான் பாராட்டினேன். பாத்திரத்துக்கு ஊற்றுகிற அலுமினியத்தில் உறுதிக்காக மாங்கனீஸ் கலப்பார்கள். எனக்குத் தெரியும். வேறொரு பாடத்தில் அதை நானே நடத்துகிறேன். அண்ணாச்சிக்குத் தெரிய நியாயமில்லை, அவர் கேட்டார், நான்தான் எதுல இருந்தா என்ன என்றவள். நாற்பத்தைந்து, 85. பன்னிரண்டு வருஷம், வருஷத்துக்கு இருபது பிள்ளைகள். இருநூற்றி நாற்பது பிள்ளைகள் இந்த ஸ்டூலில் உட்கார்ந்து இது இறங்காததைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டுத் தன்மேல்தான் தப்பு என்று நினைத்து, அக்காமார் ரெக்கார்டை வாங்கிப் பார்த்து, இறக்கி எழுதிக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார்கள். நான் வெரி குட் போட்டேன். எத்தனை பேர் இப்போது பள்ளிக்கூடங்களில் டீச்சராக இருக்கிறார்கள். ஒருத்தி மட்டும் பார்த்ததை எழுதினாள், அவளை நான் பிடித்துக் கொடுத்துவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, அசதியாக இருந்தது, தலையை மேஜைமேல் வைத்துவிடலாம் போல அவ்வளவு அசதி. ஐம்பது, 81. கருவியில் பழுது என்று எழுதிவிடலாம். அந்த எண்ணம் வந்த வேகத்தைச் சொல்ல வேண்டும், ரெடியாக வாசலில் நின்றிருந்த மாதிரி வந்தது. கருவிக்குக் கோபம் வராது, கமிட்டிக்கும் நிம்மதி, புகாரை வாபஸ் வாங்கவும் வேண்டாம் நிறுத்தவும் வேண்டாம், நவம்பரில் மறுதேர்வு என்று முடித்துவிடுவார்கள். அவளுக்கு ஜூலை போய்விடும். இடம் போனாலும் பட்டம் கிடைக்கும், அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளட்டும், இளவயசு. பதினோரு மாசம், மாலை, குரூப் போட்டோ, யாரும் ரெக்கார்டு அலமாரியைத் திறக்க மாட்டார்கள். ஐம்பத்து மூன்று, 76. எழுதுகிறதற்கு ஒரு வரிதான். பேனாவை எடுத்தேன், எழுதவில்லை, கீழே வைத்தேன், திரும்ப எடுத்தேன். ஐம்பத்தாறு, 77.

வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் முப்பிடாதி. துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நிற்கிறாள், இந்த லேபில் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை, ஆனாலும் கழற்றுவாள். மிஸ் என்று ஆரம்பித்தாள். நான் கையைத் தூக்கினேன், எண்ணும்போது பேசக் கூடாது, பேசினால் எதுவும் ஆகிவிடாது, ஆனாலும் அதுவும் நான் ஏற்படுத்தின முறை. அவள் வாயை மூடிக்கொண்டாள். ஐம்பத்தேழு ஓடியது, ஐம்பத்தெட்டு ஓடியது. அவள் தலை லேசாகச் சாய்ந்திருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்கிறாள் என்று தெரிந்தது, எத்தனை விழுகிறது என்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும். மெலிந்திருந்தாள். அப்படித்தான் எப்போதும் இருப்பாளோ என்னவோ, நான் அவளைக் கவனித்ததில்லை. ஐம்பத்தொன்பது, 75. கடைசி நிமிஷம் முழுக்க அவள் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை, இரண்டு பேரும் கவுண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அறுபது. 74. எழுதினேன்.

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் வருஷம் பூரா ரத்து செய்யாமல் இந்த ஒரு பேப்பரோடு விட்டுவிடலாம் என்று கன்ட்ரோலர் காலையில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். வடக்கே கிடைத்த இடத்தை வேண்டாமென்று எழுதிப் போடும்படி அப்பாவும் சொல்லிவிட்டாராம். சொன்ன குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. "நீங்க மேலொப்பம் போடணும்னு சார் சொன்னாவ மிஸ்." நான் கடிதத்தை வாங்காமல் என் தாளை அவள் பக்கம் தள்ளினேன். நின்றபடியே படித்தாள், விரலை வைத்து மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரியாக. சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், அந்த அளவுக்கு நான் இன்னும் முட்டாள்தான். அடித்திருந்த ஐந்து வரியில் அவள் விரல் நின்றது.

"இருபதுலேருந்து இருபத்திநாலு வரைக்கும் என்ன மிஸ் ஆச்சு?"

"நான் பாக்கல. பாக்காம எழுதிட்டேன். அதான் அடிச்சிட்டேன்."

தலையை ஆட்டினாள். மீண்டும் கீழே இறங்கி 74இல் முடித்தாள். வில்லையில் மாங்கனீஸ் இருக்கிறது, அது சட்டி மூடி, வெட்டச் சொன்னது நான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசினேன் என்று நினைக்கிறேன், பேச்சு கோர்வையாக வரவில்லை. அன்றைக்கு அவளைப் போலப் பேசிக் காட்டினதையும் சொன்னேன், அது தப்பு என்றேன், எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றேன். அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. "எனக்கே சந்தேகம் வந்துட்டு மிஸ்" என்றாள். "நாந்தான் சரியா பாக்கலையோன்னு. வீட்ல ஒக்காந்து இத எழுதும்போது, மெய்யாவே அப்படித்தான் நடந்துச்சுன்னு தோணிட்டு."

அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது. புகார் எழுதினபோது வராத பயம், 87ஐப் பார்த்தபோதுகூட வராதது. கையை நீட்டி அந்தக் கடிதத்தை வாங்கினேன். குண்டு குண்டான கையெழுத்து. ஏப்ரல் ஒன்பதாம் தேதி, மக்னீசியத்தின் அரை ஆயுள் சோதனையில், கவுண்டரை எண்ணிப் பார்க்காமல் மனதுக்குத் தோன்றியதை உண்மை போல எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் செய்தது பெரிய தவறு. இதற்குக் குழு எந்த நடவடிக்கை எடுத்தாலும் கட்டுப்படுகிறேன். இப்படிக்கு, சு. முப்பிடாதி. இரண்டு தடவை படித்தேன். மணி மூன்று ஐம்பது, மாடி ஏற எனக்குப் பத்து நிமிஷம் வேண்டும். அவள் பேரைக் குறுக்கே அடித்துவிட்டு அதன் கீழே என் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேறு எந்த வரியையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.